கடைசி வரிசையில் மூன்று தொட்டிகள்

பிப்ரவரி 2, திங்கள்

முந்நூற்று அறுபது தொட்டிகளையும் ஒரே நாளில் கொட்டகைக்குள் ஏற்றியாகிவிட்டது. எழுதும்போது சுலபமாக இருக்கிறது. ஏற்றியது ஐந்து பெண்கள். நான் கையில் அட்டையை வைத்துக்கொண்டு எண் வாசித்தேன். மண்ணோடு சேர்த்து ஒரு தொட்டி பன்னிரண்டு கிலோ.

நூற்றிருபது நெல் வகை, வகைக்கு மூன்று தொட்டி. மார்ச்சில், கதிர் வரும் நேரம் பார்த்து, எல்லாவற்றுக்கும் தண்ணீரை நிறுத்துவோம். எது தாங்குகிறது, எது சாகிறது என்று கொட்டகையின் உச்சியில் தண்டவாளத்தில் ஓடும் கேமரா சொல்லும். ஒரு ஓட்டத்தில் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு சாதாரணப் படம், ஒரு வெப்பப் படம். இலைப் பரப்பு, உயரம், சுருட்டல், இலையின் சூடு எல்லாவற்றையும் கணினியே கணக்கிட்டுவிடும். பத்துப் பேர் அளவுகோலோடு ஒரு வாரம் குனிந்து நிமிர்ந்த வேலை இப்போது இருபது நிமிடம். தொட்டியில் ஒட்டியிருக்கும் குறியைக் கேமரா படித்துக்கொள்வதால் எந்தத் தொட்டி எங்கே இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

திட்டப்படி ஒரே வகையின் மூன்று தொட்டிகளும் கலைந்து வேறு வேறு இடத்தில் இருக்க வேண்டும். ஒரு மூலையில் காற்றோ நிழலோ கூடுதலாக இருந்தால் அந்த லாபம் ஒரே வகைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. மூன்று மணிக்கு, பாதி வேலையில், செங்கமலம் அக்கா கேட்டாள்: “கலைச்சு வைக்கணும்னு சொன்னீகளே பாப்பா?” நாளைக் காலை கேமரா கம்பெனி ஆள் வருகிறார். கலைத்து வைக்க இன்னும் இரண்டு நாள் பிடிக்கும். “வரிசையாவே வைங்கக்கா” என்றேன். அறிக்கையில் கலைத்து வைத்ததாக எழுதிவிட்டேன். திருஞானம் சார் கொட்டகைக்குள் வருவதில்லை. எல்லாவற்றையும் திரையில் பார்ப்பார்.

அவர்தான் திட்டத் தலைவர். நான் திட்ட உதவியாளர், ஏப்ரல் 30 வரை. இங்கே வந்த இரண்டு வருடத்தில் இது எனக்கு மூன்றாவது தற்காலிக வேலை. வறட்சி தாங்கும் வகை ஒன்றாவது கிடைத்தால் இரண்டாம் கட்டம் மூன்று வருடம், அதில் நீ உண்டு, முனைவர் பட்டத்துக்கும் பதிந்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். கிடைக்காவிட்டால் ஊருக்குப் போக வேண்டும். ஊரில் எனக்கு வேலை இல்லை, கல்யாணம் இருக்கிறது.

பிப்ரவரி 5

இந்த ஆய்வு நிலையத்தில் அலுவலர் உணவுக்கூடம் என்று ஒன்று இருக்கிறது. மின்விசிறி, கண்ணாடி, கை கழுவ நான்கு குழாய். கழுத்தில் ஐடி கார்டு தொங்கினால் உள்ளே போகலாம். தினக்கூலிகளுக்குக் கார்டு கிடையாது. சுத்தம் முக்கியம் என்று பண்ணை மேலாளர் காரணம் சொல்கிறார். ஐந்து பெண்களும் காலனியிலிருந்து வருகிறார்கள் என்பது காரணம் இல்லையாம். டிராக்டர் ஓட்டுபவரும் தினக்கூலிதான், அவருக்கும் கார்டு இல்லை. அவர் ஊருக்குள்ளிருந்து வருகிறார். தினமும் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.

இதை யாரிடமாவது கேட்க வேண்டும் என்று சாப்பிடும்போதெல்லாம் நினைக்கிறேன். உள்ளே உட்கார்ந்துதான் நினைக்கிறேன். எந்த ஊர் என்று கேட்பவர்களிடம் பேருந்து நிற்கும் ஊரின் பெயரைச் சொல்கிறேன். இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

பெண்கள் கொட்டகையின் கடைசி வரிசைப் பக்கம், வாசலை ஒட்டிய மூலையில் சாப்பிடுகிறார்கள். கிடங்குச் சுவரின் நிழல் மதியம் அங்கேதான் விழுகிறது. தண்டவாளத் தூண்கள் துருப்பிடிக்கும் என்று மேலாளர் இன்று அங்கே ஒரு பலகை மாட்டினார்: ‘தரையில் தண்ணீர் கொட்டாதே.’ ‘கொட்டாதீர்கள்’ என்று எழுதப் பலகையில் இடமில்லை போல.

பிப்ரவரி 18

கேமராவின் கண்ணாடியில் தூசி. ஏணியில் ஏறித் துடைத்தேன். பஞ்சவர்ணம் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஐவரில் அவளுக்குத்தான் வாய் அதிகம். கேமராவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கலெக்டராம்.

“ஏன் அந்தப் பேரு?”

“மேல இருந்து பாத்துக்கிட்டே போகுது. கீழ யாரு வாடுனாலும் ஒண்ணும் செய்யாது. வந்துச்சுன்னா எல்லாரும் ஒதுங்கி நிக்கணும். வேற யாரு?”

மார்ச் 12, வியாழன்

தண்ணீரை நிறுத்தினோம். குழாயைச் சுருட்டிப் பூட்டிவிட்டேன். “இனிமே யாரும் தண்ணி பாய்ச்சக் கூடாது, ஹோஸையே தொடக் கூடாது” என்று ஐவரிடமும் சொன்னேன்.

செங்கமலம் அக்காவுக்கு மனசே இல்லை. “சூல் கட்டியிருக்குற பயிரு பாப்பா. இப்பப் போயா?”

“சார் சொன்னாச் செய்யணும்க்கா.”

“எதுக்குன்னு சொன்னா நாங்களும் தெரிஞ்சுக்குவோம்ல.”

சொல்லியிருக்கலாம். பத்து நிமிட வேலை. அலுவலகத்தில் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது, வந்துவிட்டேன்.

மார்ச் 20

கொட்டகைக்குள் நுழைந்தால் இலைகள் ஈர்க்குச்சி மாதிரி சுருண்டு நிற்கின்றன. கேமரா ஒன்பது, பன்னிரண்டு, மூன்று மணிக்கு ஓடுகிறது. திரையில் நூற்றிருபது கோடுகளும் சரிகின்றன. நூற்றுப் பத்தொன்பது கோடுகள் என்று திருத்திக்கொள்ள வேண்டும். எண் 120 சரியவில்லை.

மூன்று தடவை சரிபார்த்தேன். 120-இன் மூன்று தொட்டிகளும் பச்சை. இலைச் சூடு மற்றவற்றைவிட நான்கு பாகை குறைவு.

சாப்பிடப் போகவில்லை.

மார்ச் 23, திங்கள்

காலை ஒன்பது மணிப் படத்தில் 120-உம் சற்றுச் சுருண்டிருந்தது. மூன்று மணிப் படத்தில் நிமிர்ந்துவிட்டது. கேமராக் கோளாறாக இருக்கும்.

மார்ச் 26

திருஞானம் சார் என் நாற்காலியில் உட்கார்ந்து அரைமணி நேரம் அந்தக் கோட்டையே பார்த்தார். “இருபது வருசமா இதைத் தேடுறேம்மா” என்றார். பிறகு யார் யாரையோ அழைத்து ஆங்கிலத்தில் பேசினார். ஏப்ரல் பத்தாம் தேதி மதிப்பீட்டுக் குழு வருகிறது. உச்சி வெயில் நேரத்து இலைச் சூடும் வேண்டும் என்று குழு கேட்டிருக்கிறதாம். திங்கள் முதல் ஒன்றரை மணிக்கும் கேமராவை ஓட்டச் சொன்னார்.

“உன் பேப்பர் எல்லாம் ரெடி பண்ணி வையி. மே ஒண்ணாந் தேதி ஆர்டர்.”

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அம்மாவிடம் போனில் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் மூன்று வருடம் பொறுக்கச் சொல்ல முடியாது, வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடு என்றேன்.

மார்ச் 31, செவ்வாய்

நேற்று ஒன்றரை மணி ஓட்டத்தின் படங்களை இன்று காலை திறந்தேன்.

வெப்பப் படத்தில் சூடானது மஞ்சள், குளிர்ந்தது நீலம். கடைசி வரிசை, கடைசி மூன்று தொட்டி. மஞ்சள் நிறத்தில் ஒரு முழங்கை. முழங்கைக்குக் கீழே மணிக்கட்டிலிருந்து விரல் வரை நீலம். அதற்கும் கீழே, தொட்டி மண்ணில், கரும் நீலத்தில் ஒரு வட்டம்.

சாதாரணப் படத்தில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. கண்ணாடி வளையல் போட்ட கை, சாய்த்த தூக்குவாளி, விழுந்துகொண்டிருக்கும் தண்ணீர்.

ஏப்ரல் 1

ஒன்றே காலுக்குப் போனேன். ஐவரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

“வாங்க மேடம்” என்றாள் பஞ்சவர்ணம். “கலெக்டரு இப்பல்லாம் சாப்பாட்டு நேரத்துக்கே வந்துர்றாரு. நீங்களும் வந்துட்டீக. சோத்துல பங்கா?”

“கருவாட்டுக் குழம்பு. ஒரு வா சாப்பிடு பாப்பா” என்றாள் செங்கமலம்.

சாப்பிட்டுவிட்டேன் என்றேன். பொய். நின்றுகொண்டே இருந்தேன். ஒவ்வொருத்தியாக எழுந்து, ஆளுக்கு ஒரு செம்புத் தண்ணீரில் தூக்குவாளியைக் கழுவி, கையைக் கழுவி, மூன்று தொட்டிக்கும் பங்கிட்டு ஊற்றினார்கள். சோற்றுப் பருக்கையை மட்டும் பொறுக்கி வெளியே போட்டார்கள்.

“தண்ணி பாய்ச்சக் கூடாதுன்னு சொன்னேன்ல?”

செங்கமலம் புரியாமல் பார்த்தாள். “ஹோஸத் தொடவே இல்லையே. பன்னெண்டாந் தேதியில இருந்து அந்தப் பக்கமே நாங்க போகல.”

“அப்ப இது?”

“இது கை கழுவுன தண்ணி.”

பயிருக்குப் பாய்ச்சுவது வேறு, இது வேறு. அவள் முகத்தில் சந்தேகத்தின் சுவடுகூட இல்லை. எனக்கு அதில் வியப்பும் இல்லை. எங்கள் வீட்டிலும் கை கழுவும் தண்ணீரை வெறுந்தரையில் ஊற்ற மாட்டோம். ஏதாவது ஒரு செடியின் தூரில்தான் ஊற்றுவோம். எங்கள் கொல்லை முருங்கைக்கு யாரும் தண்ணீர் பாய்ச்சியதில்லை என்றுதான் நானும் சொல்வேன்.

“தரையில ஊத்தாதேன்னு போர்டு மாட்டியிருக்கு” என்றாள் பஞ்சவர்ணம். “சாப்பாட்டு ஹால் கொழாயில கழுவ விடுவாகளா? பெறகு எங்க ஊத்த, மேலாளர் தலையிலயா?”

“ஏன் பாப்பா, ஊத்தக் கூடாதா?” என்றாள் செங்கமலம்.

கூடாது என்று ஒரு வார்த்தை. சொன்னால் நாளை முதல் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் நான்கே நாளில் 120 மற்றவை மாதிரி ஆகிவிடும். குழு வர ஒன்பது நாள் இருக்கிறது.

“பாத்துக்கலாம்க்கா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கள் காலையில் ஏன் வாடியது என்பதும் இப்போது தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருவதில்லை.

ஏப்ரல் 2

சொல்லவில்லை. நாளை சொல்கிறேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

சொல்லவில்லை.

நியாயமாகப் பார்த்தால் இது யார் தப்பு? ஒரு குழாயைத் திறந்துவிட்டிருந்தால் இது நடந்திருக்குமா? கோடி ரூபாய்க்குக் கேமரா வாங்கத் தெரிகிறது. ஐந்து பெண்கள் கை கழுவ ஒரு இடம் காட்டத் தெரியவில்லை. நிலையத்துக்காரர்கள் சாதியைப் பார்த்தார்கள், அது அவர்களுடைய புள்ளிவிவரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. நன்றாக வேண்டும். இதற்கு நான் ஏன் என் மூன்று வருடத்தைக் கொடுக்க வேண்டும்?

மாலையில் செங்கமலம் சொல்லிவிட்டுப் போனாள். காலனியில் மாரியம்மன் பொங்கல், சனி முதல் செவ்வாய் வரை நான்கு நாள் யாரும் வேலைக்கு வர மாட்டார்கள். “நீயும் வா பாப்பா, கெடா வெட்டு” என்றாள்.

நான்கு நாள்.

ஏப்ரல் 4, சனி

மூன்று மணிப் படத்தில் 120 சுருளத் தொடங்கிவிட்டது. ஒன்றரை மணி ஓட்டத்தை லேப்டாப்பிலிருந்து நிறுத்திவைத்தேன். நான்கு நாளைக்கு அது தேவையில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

கொட்டகை வரை போய் வந்தேன். மதியம் கரண்ட் இல்லை. வாசலில் ஜெனரேட்டர் காது கிழியக் கத்தியது. சாப்பாடு தயிர்சாதம். துணி துவைத்தேன்.

ஏப்ரல் 6

120 நிமிர்ந்துவிட்டது. இன்று மாலையும் போனேன்.

ஏப்ரல் 8, புதன்

எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 9

நேற்று எழுத ஒன்றும் இல்லை என்று எழுதியது பொய்.

குழுவுக்குக் காட்ட உச்சி வெயில் படம் ஒன்றைத் தேடி, திருஞானம் சார் அவராகவே மார்ச் 30 ஓட்டத்தைத் திறந்திருக்கிறார். காலை பத்தரைக்கு என்னைக் கூப்பிட்டார். திரையில் அந்தக் கை, தூக்குவாளி. பக்கத்தில் பண்ணை மேலாளர்.

சார் முதலில் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. “மூணு தொட்டியும் எப்படிம்மா பக்கத்துல பக்கத்துல இருக்கு?” என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் உண்மையான பதில் ஒன்று இருந்தது. வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

“கலைச்சு வைக்கத்தான் சொன்னேன் சார். அவங்க வரிசையா வச்சுட்டாங்க போல.”

“நீ பாக்கலையா?”

“லேப்டாப்ல எண் எல்லாம் சரியா இருந்துச்சு சார்.”

ஐவரையும் வரச் சொன்னார்கள். திருவிழா முடிந்து முதல் நாள், எல்லார் கையிலும் மஞ்சள் கயிறு. அறைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்கள். தண்ணீர் ஊற்றினீர்களா என்று கேட்டதற்கு, கை கழுவியதாகச் சொன்னார்கள். யாரைக் கேட்டுத் தொட்டிகளை வரிசையாக வைத்தீர்கள் என்று மேலாளர் கத்தினார்.

“பாப்பாதான் வரிசையா வைக்கச் சொன்னுச்சு” என்றாள் செங்கமலம். “ஒண்ணாந் தேதி அதுவே வந்து நின்னு நாங்க கழுவுனதப் பாத்துச்சு. கேளுங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“நான் பாக்கலை சார்.”

“படிச்ச புள்ள பொய் சொல்லுமா, இவளுக சொல்லுவாளுகளா?” என்றார் மேலாளர்.

செங்கமலம் வேறு எதுவும் வாதாடவில்லை. “சரிங்க மேடம்” என்றாள். இரண்டு வருடத்தில் என்னை அவள் மேடம் என்று கூப்பிட்டதில்லை.

அவர்களை அப்போதே அனுப்பிவிட்டார்கள். போன பிறகு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “குழு வந்துட்டுப் போகட்டும். அந்த ஒண்ணரை மணி ஃபோல்டரை அழிச்சிடு. அடுத்த கட்டத்துல நாம ஒழுங்கா மறுபடி பரிசோதிச்சுக்கலாம்.” நாம என்றார்.

ஏப்ரல் 10, வெள்ளி

குழுவில் நான்கு பேர். 120-இன் கோட்டைப் பார்த்து ஒருவர் மேசையைத் தட்டினார். இன்னொருவர் மட்டும், “மூன்று தொட்டிகளும் வெவ்வேறு இடங்களில் வைக்கப்பட்டவையா?” என்று கேட்டார். சார் என் பக்கம் கையைக் காட்டினார். ஆமாம் என்றேன்.

புதனும் வியாழனும் பெண்கள் இல்லை. ஆனாலும் இன்று 120 பச்சையாக நின்றது. எப்படி என்று எழுத வேண்டியதில்லை.

ஏப்ரல் 13

ஒன்றரை மணிப் படங்களை அழித்தேன். அழிக்கும் முன் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று தெரியவில்லை.

நகல் எடுக்கும்போதுதான் கவனித்தேன். சனிக்கிழமை ஓட்டத்தை நிறுத்திவைத்தேன். ஞாயிறு கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியதும் இயந்திரம் ஒன்றரை மணியும் சேர்ந்த பழைய அட்டவணைக்கே திரும்பியிருக்கிறது. ஜெனரேட்டர் சத்தத்தில் தலைக்கு மேல் அது ஓடியது எனக்குக் கேட்கவில்லை. ஞாயிறு, ஒன்று முப்பத்திரண்டு. ஒரு படம் இருக்கிறது.

ஏப்ரல் 20, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. மே 1 முதல் மூன்று வருடம். உணவுக்கூடத்தில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தேன். டிராக்டர்காரர் இரண்டு எடுத்துக்கொண்டார்.

கூலிக்கு வேறு ஊரிலிருந்து புதிதாக நான்கு பேர். அவர்களைக் கிடங்குக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள்.

120-ஐ நானே அறுத்தேன். மூன்று தொட்டியும் சேர்த்து ஒரு கைப்பிடி நெல்லுக்கு மேல் கொஞ்சம். அதை விதையாகப் பெருக்கி அடுத்த வருடம் மானாவாரி விவசாயிகளுக்குச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறார்கள். வானத்தைப் பார்த்து விதைக்கிறவர்கள். ஒன்றரை மணிக்கு அங்கே யார் போய் ஊற்றுவது?

ஏப்ரல் 22, புதன்

பேருந்து நிறுத்தத்தில் செங்கமலம் நின்றாள். வேறு பக்கம் திரும்பிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அதற்குள் பேசிவிட்டாள்.

“வண்டிக்கா மேடம்?”

“அக்கா, அப்படிக் கூப்பிடாதீங்க.”

“பெறகு எப்படிக் கூப்பிட? நாங்க கை கழுவுன தண்ணியில மூணு வருச உத்தியோகம் வாங்கியிருக்கீக. வாட்ச்மேன் சொன்னான். மேடம்னுதான் சொல்லணும்.”

சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பக்கூட இல்லை.

மேலாளர் கூலிக்கு ஆள் பிடிக்கும் ஒப்பந்தக்காரரிடம், வேண்டுமென்றே ஆராய்ச்சியைக் கெடுத்தவர்கள் என்று ஐந்து பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டாராம். மாந்தோப்பு, தென்னை நாற்றுப்பண்ணை, சாலை வேலை எல்லாம் அதே ஒப்பந்தக்காரர். இரண்டு வாரமாக ஐவருக்கும் எங்கும் வேலை இல்லை. தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறார்கள். திங்கள் பதினொரு மணிக்கு விசாரணை.

“எங்களுக்காக நீ பொய் சொல்ல வேணாம். பாத்ததச் சொல்லு. அது போதும்.”

பையில் சில்லறையைத் தேடினேன்.

“நீ எந்த ஊரு, எந்தத் தெருன்னு எங்களுக்கு வந்த மாசமே தெரியும்” என்றாள். “ஹால்ல உக்காந்து சாப்பிடுறதுக்கு ஒருத்தியும் உன்னையக் குத்தம் சொன்னதில்ல. நம்ம புள்ள ஒண்ணு உள்ள உக்காந்திருக்குன்னு சிரிச்சுக்கிட்டோம். பொழைக்கட்டும்னு விட்டோம். அதுக்குன்னு எங்க தலைய மிதிச்சா ஏறுவ?”

பேருந்து வந்தது. அவள் ஏறினாள். நான் ஏறவில்லை.

ஏப்ரல் 24

வெறும் வாயால் சொன்னால் மேலாளர் ஒரே நிமிடத்தில் மறுத்துவிடுவார். படங்களைக் கொடுக்க வேண்டும். பலகை, தூக்குவாளி, பட்டப்பகலில் ஒளிவு மறைவில்லாமல் கழுவும் கைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. திருட்டுத்தனமாகக் கெடுப்பவர்கள் கேமரா ஓடும்போது நிமிர்ந்து பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். பஞ்சவர்ணம் ஒரு படத்தில் சிரிக்கிறாள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் படமும் அதில் இருக்கிறது.

ஏப்ரல் 25

அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் தொடர் எண் இருக்கிறது. ஒன்றை உருவினால் எண் தாவும். மொத்தமும் ஜோடித்தது என்று சொல்லிவிடுவார்கள்.

எல்லாம் கொடுக்க வேண்டும், அல்லது ஒன்றும் கொடுக்கக் கூடாது.

ஏப்ரல் 26, ஞாயிறு

அம்மா போன் செய்தாள். உத்தரவுத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தேன். அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களாம். அப்பா, தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிறாராம்.

பென்டிரைவைக் கிணற்றில் போட்டுவிடலாம் என்று எடுத்துக்கொண்டு இறங்கினேன். விடுதிக் கிணற்றுக்கு இரும்பு வலை போட்டிருக்கிறார்கள். வலையில் சின்னச் சின்ன ஓட்டைகள். போட்டால் விழும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மேலே வந்தேன்.

ஏப்ரல் 27, திங்கள்

காலையில் சார் இரண்டு முறை அழைத்தார். எடுக்கவில்லை. பதினொன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். ஐவரும் சுவரோரம் பெஞ்சில் இருந்தார்கள். என்னைப் பார்த்து யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. எதிரே பண்ணை மேலாளர் கோப்போடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், “நீயும் வந்துட்டியாம்மா, நல்லது” என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினார். நின்றுகொண்டேன்.

அலுவலர் ஐம்பது வயதுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். என் முறை வந்ததும் சொன்னேன். தொட்டிகளை வரிசையாக வைக்கச் சொன்னது நான். அறிக்கையில் மாற்றி எழுதியதும் நான். எதற்காகத் தண்ணீரை நிறுத்துகிறோம் என்று இவர்களுக்கு நான் சொல்லவில்லை. ஏப்ரல் ஒன்றாம் தேதி நேரில் பார்த்தேன், தடுக்கவில்லை. கேட்டதற்குப் பார்க்கவில்லை என்றேன்.

“இந்தப் பொண்ணுக்கு என்னமோ ஆயிருச்சு சார். வேலைப் பளு” என்றார் மேலாளர்.

பென்டிரைவை மேசைமேல் வைத்தேன். அலுவலர் கணினியில் செருகி ஒவ்வொன்றாகத் திறந்தார். பலகையைப் பார்த்தார். கை கழுவ இவர்களுக்கு வேறு இடம் இருந்ததா என்று மேலாளரிடம் கேட்டார். விதிமுறை என்று மேலாளர் ஆரம்பித்தார். இருந்ததா இல்லையா என்று மறுபடி கேட்டார். இல்லை.

படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

“நாலாந் தேதியில இருந்து ஏழாந் தேதி வரைக்கும் இவங்க அஞ்சு பேரும் திருவிழாவுல இருந்ததா வருகைப் பதிவேடு சொல்லுது. இது அஞ்சாந் தேதி. இது யார் கை?”

செங்கமலம் எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தாள். “எங்க கை இல்லைங்க. எங்கள்ல யாரும் வாட்ச் கட்டுறதில்ல.”

மேலாளர் என் மணிக்கட்டைப் பார்த்தார்.

“என் கை” என்றேன்.

அலுவலர் எழுதிக்கொண்டார். பிறகு பஞ்சவர்ணம்தான், யாரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

“இத அன்னைக்கே சொல்றதுக்கு என்னவாம்.”